ஒழுங்கை நாய்களுக்கு ஒரு கொப்பி

ஆசிரியர் அவர்கட்கு,

கட்டாக்காலி நாய்களைப் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும் என்று வாசகர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். அதற்கு முன்னர் நாமே செய்துகொள்ளக்கூடிய சிறு வேலை ஒன்று இருக்கிறது.

சென்ற ஆவணியில், ரியூசன் முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த சிறுவன் ஒருவனை எங்கள் ஒழுங்கையில் நாய் கடித்துவிட்டது. காயத்தைச் சவர்க்காரம் இட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார்கள். அங்கே முதலில் கேட்கப்பட்டவை மூன்று கேள்விகள்: நாய் யாருடையது, தடுப்பூசி போட்டதா, இப்போது எங்கே நிற்கிறது? ஒன்றுக்கும் எவரிடமும் பதில் இல்லை. “மண்ணிற நாய்” என்று மட்டும் பிள்ளை சொன்னான். எங்கள் ஒழுங்கையில் மண்ணிற நாய்கள் நான்கு திரிகின்றன. பிள்ளைக்கு ஊசி போட்டது சரியே, அதில் தாமதம் கூடாது. ஆனால் கடித்த நாய் இன்னதென்று தெரிந்து, அது இரண்டு வாரம் கழித்தும் சுகமாக நிற்பதைக் கண்டு, அதற்கு விசர்நோய் (ரேபிஸ்) இல்லை என்று தெளிந்திருந்தால், பெற்றோர் அத்தனை இரவுகள் உறக்கமின்றிக் கிடந்திருக்க மாட்டார்கள். பொல்லோடு புறப்பட்ட இளைஞர்கள், எவரையும் கடித்தறியாத ஒரு கிழ நாயின் காலை முறித்திருக்கவும் மாட்டார்கள்.

அதன் பின்னர், காலையில் பால் வாங்கப் போகும்போதெல்லாம் நாய்களைக் கவனித்து ஒரு கொப்பியில் எழுதிவரத் தொடங்கினேன். இரண்டு மாதத்தில் ஏழு நாய்கள் பதிவாகின. இடக்காது கிழிந்த ஒன்று, பாண்காரரின் முச்சக்கர வண்டி இசை எழுப்பியதும் தலையை உயர்த்தி ஊளையிடும், வண்டி திரும்பிப் போனதும் வாயை மூடிக்கொள்ளும். இன்னொன்று, வெளிநாடு போய்விட்ட குடும்பத்தின் பூட்டிய படலைக்கு முன்னால் இன்னமும் காவல் கிடக்கிறது. (1995 ஐப்பசியில் போரினால் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது எங்கள் நாயைப் படலையடியில் விட்டுப் போனவள் நான் என்பதால், இதை எழுதும்போது சற்று நெஞ்சு உறுத்துகிறது.) மதகின் கீழ் குட்டி ஈன்றிருந்த பெட்டை நாயும் மண்ணிறந்தான். பிள்ளை கடிபட்ட இடம் அந்த மதகடி. குட்டிகளுக்குக் கிட்ட வந்தவனைத் தாய் கடித்திருக்க வேண்டும் என்பதே என் ஊகம்.

நாய்களைப் பதிவுசெய்யும் சட்டம் இலங்கையில் 1901 முதல் இருக்கிறது; எனினும் உரிமையாளர் இல்லாத நாயை எவர் பெயரில் பதிவது? கட்டாக்காலி நாய்களைக் கொல்லும் வழக்கத்தை அரசு 2006இல் நிறுத்திவிட்டது. அது நியாயமே. ஓர் இடத்து நாய்களை அகற்றினால், அங்கே கிடைக்கும் எச்சில் சோற்றுக்குத் தடுப்பூசி போடாத வேறு நாய்கள் வந்து சேரும். மாறாக, ஓரிடத்து நாய்களில் 70 சதவீதமானவற்றுக்காவது தடுப்பூசி போட்டால் விசர்நோய் பரவுவது அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. ஆனால் எங்கள் பகுதியில் கடைசியாக ஊசி போட்ட நாளில், சங்கிலியில் கட்டிக் கொண்டுவரப்பட்ட வீட்டு நாய்களுக்கு மட்டுமே ஊசி கிடைத்தது. ஒழுங்கை நாய்கள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு ஓடிவிட்டன. அந்நியர் கைக்கு அவை பிடிபடா. நாள்தோறும் சோறு வைப்பவர் கூப்பிட்டால் வரும்.

ஆகையால், ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும் இத்தகைய கொப்பி ஒன்றை வைத்து, நாயின் நிறம், அடையாளம், ஆணா பெட்டையா, சோறு வைப்பவர் யார், ஊசி போட்ட திகதி ஆகியவற்றை எழுதிவருமாறும், ஊசி போடும் நாளைக் கால்நடை வைத்திய அலுவலகத்தினர் சோறு வைப்பவர்களுக்கு முற்கூட்டியே அறிவிக்குமாறும் வேண்டுகிறேன்.

எங்கள் கொப்பியில் இப்போது எட்டாவது நாய் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. கடந்த வெள்ளிக்கிழமை முதல் வைரவர் கோயில் வாசலில் படுத்திருக்கிறது. கறுப்பு, வால் நுனி வெள்ளை, பெட்டை. சோறு வைப்பவர் என்ற இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கொக்குவில்.