அந்தப் பாட்டு தெரியும், படம் தெரியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெல்லையில் பாளையங்கோட்டை, டவுன், சந்திப்பு என்று எங்கே கல்யாண வரவேற்பு நடந்தாலும் மேடைக் கச்சேரியில் யாராவது 'என் இனிய பொன் நிலாவே' பாடிவிடுகிறார்கள். ரசித்துக் கேட்கிற இளவட்டங்களில் பலரும் அந்தப் பாட்டு வந்த, பாலு மகேந்திரா இயக்கிய 'மூடுபனி' படத்தைப் பார்த்ததே இல்லை. அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

படத்தில் கிதாரோடு அதைப் பாடுகிறவன் காதலன் இல்லை. கொலைகள் செய்தவன், கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண்ணை ஊட்டிக்குக் கடத்திக்கொண்டு போய் ஒரு வீட்டில் அடைத்து வைத்துவிட்டு, அவளுக்காகப் பாடுகிறான். பிரதாப் போத்தன் முகத்தில் வில்லத்தனம் துளிகூடக் கிடையாது, ஒரு சின்னப் பையனின் ஏக்கம்தான் தெரிகிறது. எதிரே அந்தப் பெண்ணாக ஷோபா. யேசுதாஸ் குரல் இனிக்க இனிக்க நமக்கு வயிற்றைக் கலக்குகிறது, இவன்மேல் பரிதாபப்படுவதா பயப்படுவதா என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோம். படத்தின் உயிரே அந்தத் தவிப்புதான். ஒரு தடவை இதைப் பார்த்துவிட்டால் அப்புறம் கல்யாண மண்டபத்தில் அந்தப் பாட்டைக் கேட்பதே வேறு மாதிரி ஆகிவிடும்.

இளையராஜாவுக்கு இது 100வது படம். 1980 நவம்பரில் படம் வந்தபோது ஷோபா இல்லை, அந்த மே மாதமே 17 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதை நினைத்துக்கொண்டு பார்த்தால் மனசு தாங்காது.

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' சாயல் இருக்கிறது என்பார்கள், இருக்கட்டும். ராஜேந்திரகுமாரின் 'இதுவும் ஒரு விடுதலைதான்' நாவலை எடுத்துக்கொண்டு, கேமராவையும் தானே பிடித்து, பாலு மகேந்திரா அதை நம்ம மண்ணின் படமாக்கிவிட்டார். ரத்தத்தைக் கொட்டிப் பயமுறுத்தாமல் பனி, ஜன்னல் வெளிச்சம், பேச்சில்லாத நிமிஷங்கள் என்று பயத்தை மெல்ல மெல்ல ஏற்றுகிறார். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' பேய்க்கதையைப் படித்த நெல்லைக்காரர்களுக்கு இந்த வகைப் பயம் நன்றாகவே பிடிபடும். ஒரு குறையும் உண்டு. அந்தக் கொலைகாரன் சின்ன வயதில் பட்ட கஷ்டத்தை அவ்வளவு அக்கறையாகச் சொன்ன படம், அவன் கையில் சாகிற பெண்களின் கஷ்டத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. முடிவைப் பற்றி நான் எழுத மாட்டேன், பார்க்காதவர்களுக்கு அதை யாரும் சொல்லிவிடவும் வேண்டாம்.

செல்போனில் பார்த்தால் இந்தப் படத்தின் இருட்டுக் காட்சிகள் வெறும் கறுப்பாகத்தான் தெரிகின்றன. பெரிய ஹீரோக்களின் பழைய படங்களை இப்போது மறுபடி திரையிடுகிறார்கள், கூட்டமும் வருகிறது. சரி, அதேபோல ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு நல்ல பிரதி ஒன்றைத் தேடிப்பிடித்து இதையும் போட நம்ம ஊர் தியேட்டர்க்கார அண்ணாச்சிமார் மனசு வைக்க வேண்டும். உங்கள் சினிமா பக்கத்தில் நீங்களும் இதைக் கேட்டு எழுதினால் அவர்கள் காதில் விழும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.