பிரியத் தாத்தாவுக்கும் மற்றவர்களுக்கும்

போன மாதம் என் இளைய மகன் முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கினான். வெள்ளைச் சேட்டும் கையில் மெழுகுதிரியுமாக அவன் வரிசையில் நடந்து போனதைப் பார்த்துவிட்டு, பூசை முடிந்ததும் பலர் வந்து என் கையைப் பிடித்தார்கள். "புருஷன் கட்டாரில. தனிய நிண்டு ரெண்டு பிள்ளைகளையும் பக்தியா வளத்திட்டீங்க" என்றார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறுத்தியது. நடுவில் சில வருடம் நான் கையை விட்டுவிட்டேன். பிடித்துக்கொண்டவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்குத்தான் இந்த மடல்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலைப் பூசைக்குப் போய் வந்து, புதுச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று மகள் அடம் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அந்தச் சத்தம் கேட்டது. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது என்று பிறகுதான் தெரிந்தது. இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்த சின்னப் பிள்ளைகள். மகளுக்கு அப்போது ஏழு வயது. அவளும் மறைக்கல்வி முடிந்து கோயில் வளவில் அப்படித்தான் நிற்பாள், கையில் பணிஸோடு.

அதற்குப் பிறகு ஞாயிறு பூசைகள் நின்றன. ஏப்ரல் 28 அன்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கோயில்கள் திறந்த பிறகும் நான் பிள்ளைகளை அனுப்பவில்லை. காய்ச்சல், தடிமன், ரியூசன் என்று வாரத்துக்கு ஒரு பொய்.

மறைக்கல்வி ரீச்சருக்கு அது பொய் என்று தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் வீட்டுக்கு வந்து பாயில் இருந்து மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். பல மாதம் கழித்து ஒருநாள் அவருடைய வரவுப் பதிவேட்டைப் பார்க்க நேர்ந்தது. வராத பிள்ளைகளுக்கு நேரே சிவப்பு மையில் கோடு. என் மகளின் பெயருக்கு நேரே வாரம் தவறாமல் பென்சிலால் ஒரு புள்ளி. "இது என்ன ரீச்சர்?" என்றேன். "அவ வருவாதானே, அப்ப அழிச்சுப்போட்டு வரவு போடுவம்" என்றார். அடுத்த ஞாயிறு மகளை நானே கூட்டிக்கொண்டு போனேன். ரீச்சர், நன்றி. அந்தப் பக்கத்தை எனக்குத் தந்துவிடுங்கள் என்று கேட்க நினைத்தேன், வெட்கமாகப் போய்விட்டது.

கோயில் வாசலில் வெயிலில் நின்று எங்கள் பைகளைச் சோதித்த இளைஞர் மன்றப் பிள்ளைகளுக்கும் நன்றி. மகனின் பைக்குள் இருந்த பிளாஸ்டிக் டைனோசரை எடுத்துப் பார்த்து, "இவருக்கு ஞானஸ்நானம் ஆகிட்டுதா?" என்று கேட்டவருக்கு இரண்டு தரம். அவ்வளவு நாளுக்குப் பிறகு அந்த வாசலில் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

மகள் பயப்படவில்லை, கேள்வி கேட்டாள். "அந்தப் பிள்ளைகளும் செபம் சொல்லித்தானே இருப்பாங்க, கடவுள் ஏன் காப்பாத்தல்ல?" என்று ஒருநாள் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டாள். எங்கள் கோயில் குருவானவர் சுவாமியிடம் கேட்கச் சொல்லித் தப்பித்தேன். சுவாமி அவளைக் கோயில் படியில் இருத்தி, "எனக்கும் தெரியாது மகள். நானும் அவரிட்டக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றாராம். எனக்கு முதலில் கோபம் வந்தது. ஒரு குருவானவர் இப்படியா சொல்வது என்று. ஆனால் மகள் அதற்குப் பிறகுதான் தானாகச் செபமாலையைக் கையில் எடுத்தாள். நான் ஒரு விளக்கம் சோடித்துச் சொல்லியிருந்தால் பிடித்திருக்க மாட்டாள் என்று இப்போது நினைக்கிறேன். நன்றி சுவாமி.

அப்புறம் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, மறுபடி எல்லாம் பூட்டு. அந்த நாட்களில் வீட்டுக்குள் கோயில் நடத்தியது என் அம்மா. ஆயித்தியமலை மாதா திருவிழாவுக்குச் செப்டெம்பரில் நடந்தே போய் வந்த கால்கள், முற்றத்தைத் தாண்ட முடியாமல் கிடந்தன. இரவு ஏழு மணிக்குச் செபமாலை. நான் மூன்றாவது மறையுண்மையில் தூங்கிவிடுவேன், அது இன்றைக்கும் அப்படித்தான். அம்மா சொல்லுவது பழைய தமிழ். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது, செபங்களின் தமிழும் மெல்ல மாறியது. நாங்கள் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்போம். அம்மாவுக்கு அது சப்பென்று இருக்கும். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று நீட்டிச் சொன்னால்தான் மாதாவுக்குக் கேட்கும் என்பது அவருடைய நம்பிக்கை.

நாலு வயது மகனுக்கு அது "பிரியத் தாத்தாவினாலே" என்று கேட்டது. தாத்தா என்றால் அவனுக்கு ஓராள்தான்: வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற, ஓய்வுபெற்ற தபால்காரர், திருநீறு இல்லாமல் வாசலுக்கு வராத மனுசன், ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் தீர்த்தமாடத் தவறாதவர். ஆகவே அவரால்தான் மாதா பூரணமானார் என்று மகன் நம்பினான். வேலியில் ஏறி நின்று "பிரியத் தாத்தா!" என்று கூப்பிட, அவரும் "என்ன மனே?" என்று வருவார். அம்மா திருத்த வெளிக்கிட்டு, சிரிப்பு வந்து, விட்டுவிட்டார். அம்மா 2023இல் எங்களை விட்டுப் போனார். அந்தப் பழைய தமிழுக்கு நன்றி அம்மா.

2022இல் பெற்றோல் இல்லாமல் ஓட்டோக்கள் வரிசையில் கிடந்த மாதங்களில், மறுபடி எனக்கு ஒரு சாட்டுக் கிடைத்தது. கோயில் தூரம், வெயில், பேசாமல் வீட்டில் இருக்கட்டும். அப்போது தாத்தா தன் சைக்கிள் கரியலில் ஒரு தலையணையைக் கட்டி, "ஏறு மனே, உன்ட சாமிட்டப் போவம்" என்று மகனை ஏற்றினார். மகள் தன் சைக்கிளில் பின்னால். பாடம் முடியும்வரை வேப்பமரத்தடியில் பத்திரிகை படித்துக்கொண்டு இருப்பாராம். எத்தனை ஞாயிறு என்று நான் எண்ணவில்லை.

இனி, சொல்லச் சங்கடமான ஒன்று. பிள்ளைகளின் ஞானஸ்நான உடுப்பு இரண்டையும் தைத்தது காத்தான்குடியில் ஒரு ராத்தா, முஸ்லிம் அக்கா. 2019க்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவன் அந்த ஊர்க்காரன் என்பதால் ஊரையே பயந்தேன். அதே செய்தியைக் கேட்டு அவவும் கதவைப் பூட்டிக்கொண்டு பயந்திருப்பா என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த வருடம் முதல் நன்மைச் சேட்டுக்காகப் போனேன். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. பழைய அளவுக் கொப்பியைப் புரட்டி, மகனின் ஞானஸ்நான அளவைக் காட்டி, "இந்தா, இத்துணூண்டு இருந்தார்" என்றா. தைகூலி நீட்டினேன். "புள்ளைக்குத்தானே, வெச்சிக்கங்க." ராத்தா, நன்றி என்று எழுதினால் அது கணக்கைத் தீர்க்காது. நான் வராமல் இருந்த வருடங்களுக்கு மன்னிப்பும் கேட்கிறேன்.

முதல் நன்மைப் பூசைக்குத் தாத்தா வந்து கடைசி வாங்கில் இருந்தார், நெற்றி நிறையத் திருநீறோடு. மகன் நற்கருணை வாங்கித் திரும்பும்போது கை கூப்பியபடியே தலையை மட்டும் திருப்பி அவரைத் தேடினான். ரீச்சர் முறைத்தார்.

இப்போது அவனுக்குச் சொந்தச் சைக்கிள் இருக்கிறது. தாத்தாவின் கரியலில் அந்தத் தலையணை இன்னும் கட்டியபடியே கிடக்கிறது. கழற்றித் தாருங்கள், துவைத்துத் தருகிறேன் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டேன், தருகிறார் இல்லை.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
அமிர்தகழி, மட்டக்களப்பு