வெள்ளை வண்டியில் துருப் புள்ளி: காரணம் பார்க்காமல் ரப்பிங் போட்டது பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

வணக்கம்.

உங்கள் கஸ்டமர் கேருக்கு மூன்று முறை போன் செய்தேன், மூன்று முறையும் புகார் எண் கொடுத்தார்கள், மூன்று முறையும் இரண்டே நாளில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வந்தது. வண்டி என் வீட்டு வாசலில் நிற்கிறது, எனக்கே தெரியாமல் எப்போது வந்து தீர்த்தீர்கள் என்று புரியவில்லை, அதனால்தான் எழுத்தில் தருகிறேன். கேரளா நம்பர் என்பதால் போனில் மலையாளத்தில் பேசினார்கள், நானும் மலையாளத்திலேயே சொன்னேன். ஆனால் கோபமாக எழுத வேண்டுமென்றால் எனக்குத் தமிழ்தான் வரும். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களில் நிறையப் பேர் அப்படித்தான்.

மே கடைசியில் பாலக்காட்டில் உள்ள உங்கள் டீலரிடம் வெள்ளை வண்டி எடுத்தேன். ஜூன் மழை பிடித்துப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை கழுவித் துடைத்துக்கொண்டிருந்தபோது டிக்கிக் கதவிலும் நாலு கதவுகளின் மேல்பாதியிலும் பானெட் விளிம்பிலும் கடுகைவிடச் சின்னதாக, ஆரஞ்சும் பழுப்புமாகப் புள்ளிகள் கண்ணில் பட்டன. ஒன்றிரண்டு இல்லை, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு முப்பது நாற்பது. ஷாம்புவுக்கும் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை, நகத்தால் தடவினால் சொரசொரவென்று தட்டுப்பட்டது. என் மாமியார் பார்த்துவிட்டு, "வண்டிக்கு அம்மை போட்டிருக்குதுங்க மாப்பிள்ளை, வேப்பிலை கட்டுங்க" என்றார்.

உங்கள் சர்வீஸ் அட்வைசர் சொன்ன காரணங்களுக்கு அது எவ்வளவோ தேவலை. முதலில் போர் தண்ணீரில் கழுவியதால் வந்தது என்றார். எங்கள் பக்கத்துத் தண்ணீர் உப்புத் தண்ணீர்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அது காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் படியுமே தவிர ஆரஞ்சில் முள் மாதிரி குத்திக்கொண்டு நிற்காது. அப்புறம் கஞ்சிக்கோட்டு இரும்பு ஆலைப் புகை, "நிங்ஙளுடெ ஸ்தலத்தெ காற்றாணு சேட்டா" (உங்கள் ஊர்க் காற்றுதான் அண்ணா) என்றார். நான் தினமும் போவது கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிக்கு, கஞ்சிக்கோடு நேர் எதிர்த்திசை. கடைசியில் பானெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே தகடே துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கலாம், இப்போதே விட்டால் பரவிவிடும் என்று பயமுறுத்தி, ரப்பிங்கும் (மெஷினால் பெயின்டின் மேற்பரப்பைத் தேய்ப்பது) கோட்டிங்கும் சேர்த்து ஜிஎஸ்டியோடு 6,800 ரூபாய்க்குப் பில் போட்டார். புது வண்டித் தகடு மூன்று வாரத்தில் துருப்பிடிக்குமென்றால் அது வாரண்டியில் வர வேண்டியதுதானே என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. அது என் முட்டாள்தனம்.

ரப்பிங் முடிந்து வந்தபோது வண்டி பளபளவென்றுதான் இருந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, தொடர்ந்து நாலு நாள் மழை, அதே இடத்தில் அதே புள்ளிகள் திரும்ப வந்துவிட்டன. கூடவே இப்போது வெயிலில் நிறுத்தினால் டிக்கிக் கதவு முழுக்க வட்ட வட்டமாக, சிலந்தி வலை மாதிரி கீறல் தெரிகிறது. வெள்ளை வண்டியிலேயே இப்படித் தெரிகிறதென்றால் மெஷினை எப்படி அழுத்தியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சியில் பெயின்ட் பட்டறை வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒன்றுமே பேசவில்லை, ஒரு பாலித்தீன் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு கதவை மெதுவாகத் தடவினார், என்னையும் தடவச் சொன்னார். வெறுங்கையில் தெரிந்ததைவிடப் பல மடங்கு, உப்புத்தாள் மேல் கை வைத்த மாதிரி நறநறவென்று இருந்தது. "இது பெயின்ட் துரு இல்லீங்க, மேல வந்து குத்துன இரும்புத் தூள்" என்றார். ரயிலில் வரும் வண்டிகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறாராம். சக்கரமும் தண்டவாளமும் உரசும்போது, பிரேக் பிடிக்கும்போது பறக்கும் பொடி, இல்லையென்றால் வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டுக்குப் பக்கத்தில் கிரைண்டிங், வெல்டிங் நடந்தால் அந்தப் பொறி, இதெல்லாம் பெயின்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டில் போய்க் குத்தி உட்கார்ந்துகொள்ளும். காய்ந்திருக்கும்வரை கண்ணுக்கே தெரியாது, ஈரம் பட்டதும் துருப்பிடித்துச் சுற்றிலும் ஆரஞ்சாகக் கசியும். சில்வர், சாம்பல் நிற வண்டிகளிலும் இருக்கும், வெள்ளையில்தான் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் ஆட்கள் செய்தது என்னவென்றால், முள் ஏறிய காலில் முள்ளை எடுக்காமல் மேல்தோலைச் சீவிவிட்டது. தலை போய்விட்டது, அடி உள்ளேயே இருக்கிறது, மழை வந்ததும் மறுபடி துரு. கிளியர் கோட்டின் கனமே சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. அதில் ஒவ்வொரு ரப்பிங்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது, போனது திரும்ப வராது.

அண்ணன் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வண்டியைக் கழுவி, நிழலில் சூடு ஆறவிட்டு, அயர்ன் ரிமூவர் என்ற மருந்தை அடித்தார். அழுகின முட்டை நாற்றம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள் என்றார். இரண்டு நிமிஷம்தான், ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நாவல்பழச் சாறு மாதிரி கத்தரிப்பூ நிறத்தில் கோடு கோடாக வழிந்தது, வெள்ளைக் கதவில் அதைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. மருந்து இரும்பைத் தொட்டால்தான் அந்த நிறம் வருமாம். காய்வதற்குள் தண்ணீர் அடித்துக் கழுவி, இன்னொரு தடவை அடித்தார். மிச்சம் பிடிவாதமாக நின்றதைச் சோப்புத் தண்ணீர் விட்டு கிளே பார் என்ற களிமண் கட்டியால் அழுத்தாமல் தேய்த்து எடுத்தார், கடைசியில் வேக்ஸ். ஒரு மத்தியான வேலை, மருந்தும் கட்டியும் கூலியுமாக 1,900 ரூபாய். அதற்கப்புறமும் மழை வந்தது, புள்ளி வரவில்லை. வட்டக் கீறல் மட்டும் அப்படியே இருக்கிறது, அது உங்கள் டீலரின் கைவண்ணம்.

இப்போது முக்கியமான விஷயம். டெலிவரி அன்று பானெட்டின் மேல் ஒட்டியிருந்த வெள்ளை ஃபிலிமை என் கண்முன்னால்தான் உரித்தார்கள், என் பையன் அதை வீடியோவும் எடுத்திருக்கிறான். புள்ளிகள் வந்தபோது அந்த ஃபிலிம் இருந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. ஃபிலிம் முடிந்த விளிம்புக்கு வெளியே, இரண்டு விரல் அகலப் பட்டையில், வரிசையாகப் புள்ளி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. எங்கள் ஊர்க் காற்றோ என் போர் தண்ணீரோ ஃபிலிம் எங்கே இருந்தது என்று பார்த்துப் பார்த்து ஒதுங்கிப் போகுமா? சேசிஸ் தகட்டில் தயாரித்த மாதம் ஜனவரி என்று இருக்கிறது, என் கைக்கு வந்தது மே கடைசி. நடுவில் நாலு மாதம் வண்டி எங்கே நின்றது, ரயிலில் வந்ததா லாரியில் வந்ததா என்று எழுத்தில் சொல்லுங்கள். "சுற்றுச்சூழல் படிவுகளுக்கு வாரண்டி கிடையாது" என்று உங்கள் புத்தகத்தில் இருப்பதை நானும் படித்தேன். அது நான் வாங்கிய பிறகு படிந்ததற்கு. உங்கள் கையில் இருக்கும்போதே படிந்ததை என் கணக்கில் எழுத முடியாது.

எனவே டீலர் வாங்கிய 6,800 ரூபாயையும் பட்டறைக்குக் கொடுத்த 1,900 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். வட்டக் கீறலைச் சரிசெய்ய வேண்டும், ஆனால் அதற்கு முன்னால் பெயின்டின் கனத்தை மீட்டர் வைத்து அளந்து, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் மெஷினைத் தொட வேண்டும். தாங்காது என்றால் அந்தப் பேனல்களுக்கு வாரண்டியை எழுத்தில் நீட்டித்துத் தாருங்கள். டெலிவரிக்கு முன் பார்க்கும் சோதனையில் கதவை ஒரு தடவை கவர் போட்டுத் தடவிப் பார்க்கச் சொல்வதும் உங்களுக்குப் பெரிய செலவில்லை.

பதினைந்து நாள் பார்ப்பேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. பாலக்காடு எனக்குப் பக்கம்தான்.

பில்கள் இரண்டு, ஃபிலிம் உரிக்கும் வீடியோ, ரப்பிங்குக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் இணைத்திருக்கிறேன். வண்டியை நேரில் பார்க்க ஆள் அனுப்புவதானால் ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள், மற்ற நாளில் காலை எட்டு மணிக்கே பொள்ளாச்சிக்குப் போய்விடும். வருகிறவர் ரப்பிங் மெஷினைக் கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை வாடிக்கையாளர்