அச்சுக்குப் படம் அனுப்பும் ஓவியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கணினியிலும் டேப்லெட்டிலும் வரைகிற நண்பர்களே,

அச்சகத்தில் ஃபைல்களைத் திறந்து சரிபார்த்து அச்சுக்குத் தயார் செய்வது என் வேலை. நீங்கள் வாரக்கணக்கில் வரைந்தது முதலில் வந்து சேர்வது என் திரைக்குத்தான். அச்சான தாளைக் கையில் வாங்கியதும் உங்கள் முகம் வாடுவதை நான் பலமுறை பார்த்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன். ஒரே வேண்டுகோள்: படத்தை முடித்த பிறகு இல்லை, முதல் கோடு போடும் முன்பே உங்கள் அச்சகத்தோடு பேசுங்கள்.

அளவைப் பின்னால் கூட்ட முடியாது. ஏ4 தாளுக்கு, அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில், 2480 × 3508 பிக்சல் வேண்டும். 1000 பிக்சல் அகலத்தில் வரைந்துவிட்டு, அங்குலத்துக்கு 72 பிக்சல் என்றிருந்த எண்ணை 300 என்று மாற்றி மட்டும் அனுப்புகிறீர்கள். அதனால் ஒரு பிக்சல்கூட அதிகமாகாது, படம் தாளில் சுமார் 8.5 செ.மீ. அகலத்துக்குச் சுருங்கும், அவ்வளவுதான். மென்பொருளால் பெரிதாக்கலாம், ஆனால் நீங்கள் இழை இழையாகப் போட்ட தலைமுடி மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். தூரத்திலிருந்து பார்க்கிற பெரிய பேனர் என்றால் 100, 150 போதும்.

ஓரமும் அப்படித்தான். வெட்டும்போது தாள் கொஞ்சம் நகரத்தான் செய்யும், அதனால் நான்கு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட், அதாவது வெட்டிப் போகிற கூடுதல் ஓரம், விட்டு வரையுங்கள். அது இல்லாமல் வந்தால் நான்தான் படத்தை இழுத்துப் பெரிதாக்கி ஒரு விளிம்பைப் பலி கொடுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் படத்தில் நான் கை வைப்பது சரியில்லை. கையெழுத்தை ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளிப் போடுங்கள்.

அப்புறம் நிறம். அதிகமாக மனம் உடைவது இங்கேதான். திரை ஒளியை உமிழ்கிறது, தாளில் இருப்பதோ மை. திரையில் மின்னும் நீலம் அச்சின் நான்கு மையில் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) ஊதா கலந்து மங்கும், பளீர் பச்சை அடங்கிப்போகும். எதற்கும் அந்த நான்கு மைக் கணக்கான சி.எம்.ஒய்.கே.வுக்கு மாற்றி அனுப்பு என்று பலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். எந்த ஐ.சி.சி. ப்ரொஃபைல் (ஓர் இயந்திரமும் தாளும் நிறங்களை எப்படிக் காட்டும் என்று சொல்லும் ஃபைல்) என்று தெரியாமல் மாற்றினால் போன நிறம் திரும்பாது, சில இன்க்ஜெட் இயந்திரங்களுக்குத் திரையின் சிவப்பு-பச்சை-நீலக் கணக்கான ஆர்.ஜி.பி.யே நல்லது. அச்சகத்திடம் ப்ரொஃபைலைக் கேட்டு வாங்கி, வரையும்போதே சாஃப்ட் ப்ரூஃபில், அதாவது அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் வசதியில், பார்த்துக்கொண்டே போங்கள். மூல ஃபைலை லேயர்களோடு தனியாக வைத்திருங்கள்.

கறுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் போதும், நான்கு மையும் சேர்ந்தால் தாள் ஒரு மயிரிழை விலகினாலே எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் தெரியும். பெரிய இரவு வானத்துக்கு வெறும் கறுப்பு சாம்பலாகத் தெரியும், மற்ற மைகளைக் கொஞ்சம் சேர்க்கலாம். நான்கையும் 100 சதவீதம் வைத்தால் மொத்தம் 400 ஆகிறது, மை காயாமல் அடுத்த தாளின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும். வழவழப்பான தாளுக்கே மொத்தம் சுமார் 300 சதவீதம்தான் எல்லை, சொரசொரப்பான தாள் என்றால் இன்னும் குறைவு.

எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வடிவங்களாக, மாற்றிவிடுங்கள். ஜேபெக்கைத் திரும்பத் திரும்பத் திறந்து சேமிக்காதீர்கள்.

கடைசியாக, ஒரு தாள் ப்ரூஃப், அதாவது சோதனை அச்சு, கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், பிடிக்காத இடத்தில் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். நீங்கள் சரி என்று எழுதிக் கொடுத்த பிறகே அச்சிடும் ப்ளேட் எடுக்கச் சொல்கிறேன்.