உன் ஊர்ச் சமையலை நிறுத்தாதே, தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேரில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நம் வீட்டில் நீயும் நானும் சேர்ந்தாற்போல உட்கார்ந்து பேச நேரம் எங்கே கிடைக்கிறது? காலையில் நீ மெட்ரோவைப் பிடிக்க ஓடுகிறாய், நான் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போகிறேன், சாயந்திரம் நீ வரும்போது அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும், பேச்சு அதோடு நின்றுவிடும். அதனால் எழுதிவிடுகிறேன். எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதக் காரணம், ஈரோட்டிலிருந்து நம் வீட்டுக்கு மருமகளாக வந்திருக்கிற உன்னைப் போல வேறு ஊரிலிருந்து கல்யாணமாகி ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் வந்திருக்கிற பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இது போய்ச் சேரட்டும் என்றுதான்.

போன வாரம் பாத்திரம் கழுவும்போது, "இனிமே உங்க மாதிரியே செய்யக் கத்துக்கறேங்க்கா, எங்க ஊருச் சமையல் எல்லாம் இங்க வேண்டாம்" என்று சொன்னாயே, அது எனக்கு மனசிலேயே நிற்கிறது. வேண்டாம்மா. எங்கள் மாதிரி கற்றுக்கொள், சந்தோஷம். அதற்காக உன்னுடையதை ஏன் விட வேண்டும்?

முதலில் அந்த அரிசிம்பருப்புச் சாதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ இப்படி நினைக்க ஆரம்பித்ததே அன்றைக்குத்தான். அரிசி குழைந்துவிட்டது, துவரம்பருப்பு மட்டும் நறநறவென்று பல்லில் பட்டது, நீ முகம் வாடிப்போய் உள்ளே போய்விட்டாய். அது உன் கைப்பக்குவத்தின் குறையே இல்லை. நீ போர் தண்ணீரை ஊற்றியிருந்தாய். இது கடலோரம், நிலத்தடித் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கிறது. கடினத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம், அவை பருப்பின் சதையைப் பிடித்து வைத்திருக்கிற பெக்டினோடு சேர்ந்து அதை இன்னும் இறுக்கிவிடும், எத்தனை விசில் விட்டாலும் பருப்பு உடையாது. இந்தத் தெருவில் எந்த வீட்டிலும் பருப்புக்குப் போர் தண்ணீர் எடுக்க மாட்டார்கள், குடிநீர் வாரியம் விடுகிற, குடத்தில் பிடித்து வைத்த மெட்ரோ வாட்டர்தான். எல்லோருக்கும் இது பழக்கமாகிவிட்டதால் புதிதாக வந்தவளுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அடுத்த தடவை பருப்பை மட்டும் தனியாக அரை மணி நேரம் மெட்ரோ தண்ணீரில் ஊறப் போடு. தக்காளியையும் கொஞ்சம் குறைத்துக்கொள், புளிப்பும் பருப்பை வேக விடாது. உங்கள் ஊர்த் தண்ணீரில் இதெல்லாம் நீ யோசிக்க வேண்டியே இருந்திருக்காது.

அப்புறம், "இங்க மாதிரி" என்கிறாயே, இங்கே இருக்கிற சாப்பாடு எல்லாம் இங்கேயே முளைத்ததா? ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அத்தை கலந்து கொடுத்த அத்தோவை, அந்த நூடுல்ஸ் கலவையை, நீ அவ்வளவு ஆசையாகச் சாப்பிட்டாய். அது பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1962-இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, 1964-இல் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கினார்கள், தலைமுறை தலைமுறையாக ரங்கூனிலும் மற்ற ஊர்களிலும் கடை வைத்திருந்த, வேலை பார்த்த நம் ஆட்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். பணம், நகை எதையும் பெரிதாகக் கொண்டுவர விடவில்லை. வியாசர்பாடி பக்கம் குடியேறியவர்கள் நிறையப் பேர். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜாரில் கடை போட்டார்கள், பக்கத்தில் செகண்ட் லைன் பீச் தெருவில் தள்ளுவண்டியில் அத்தோவும், மொய்ங்கா என்கிற நூடுல்ஸ் சூப்பும் விற்றார்கள். நாக்குக்குப் பழகிய ருசியை மட்டும் யாராலும் பறிமுதல் செய்ய முடியவில்லை பார். அவர்களும் "இனிமேல் இட்லியும் தோசையும் போதும், நம்முடையதை விட்டுவிடுவோம்" என்று முடிவு செய்திருந்தால் இன்றைக்கு வட சென்னையில் அத்தோ ஏது?

அத்தைக்கு அதைக் கற்றுக்கொடுத்தது ரங்கூனில் பிறந்த ஒரு பக்கத்து வீட்டு அம்மா. அத்தை அதை அப்படியே வைத்துக்கொள்ளவும் இல்லை. வறுத்த கடலை மாவுக்குப் பதிலாகப் பொட்டுக்கடலையைப் பொடித்துப் போடுவார், மாமாவுக்குப் பிடிக்கும் என்று எலுமிச்சையைக் கூடவே பிழிவார். நீ கேட்டாய் என்பதால் செய்முறையும் சொல்கிறேன். நூடுல்ஸை வேகவைத்து, வடித்து, ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் எண்ணெய் தடவி ஆற விடு. சூடாக இருக்கும்போது கலந்தால் கொழகொழவென்று ஆகிவிடும். முட்டைக்கோஸை நூல் மாதிரி நறுக்கு. முக்கியமான வேலை வெங்காயமும் பூண்டும்தான். இரண்டையும் மெலிசாகச் சீவி, நிறைய எண்ணெயில், சின்னத் தீயில் பொறுமையாக வறுக்க வேண்டும். பொன்னிறம் வருவதற்குச் சற்று முன்பே எடுத்துவிட வேண்டும், எடுத்த பிறகும் அந்தச் சூட்டிலேயே நிறம் ஏறிக்கொண்டிருக்கும். அந்த எண்ணெயைக் கொட்டிவிடாதே, அத்தோவின் வாசனை முழுக்க அதில்தான் இருக்கிறது. பிறகு எல்லாவற்றையும் ஒரு அகலத் தட்டில் போட்டு, கெட்டிப் புளிக்கரைசல், வறுத்து இடித்த மிளகாய், உப்பு, பொட்டுக்கடலைப் பொடி, அந்த எண்ணெய், மேலே பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைய வேண்டும். கரண்டியில் கலந்தால் புளி ஒரு பக்கமும் உப்பு ஒரு பக்கமும் நிற்கும். கூடவே வாழைத்தண்டு சூப். அத்தை கலக்கும்போது பக்கத்தில் நின்று பார், எவ்வளவு புளி என்பது அவர் கையைப் பார்த்தால்தான் தெரியும்.

மீனுக்கு வருகிறேன். கடல் மீன் வாடை உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது எனக்குத் தெரியும், நீ யாரிடமும் சொல்லவில்லை, மூக்கைக் கூட மூடவில்லை, ஆனால் மீன் கழுவும் நாளில் நீ மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுகிறாய். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நீ சாப்பிட்டு வளர்ந்தது மேட்டூர் டேம் மீன், காவிரி மீன். அந்த மீனுக்கு இந்த வாடை இயல்பிலேயே கிடையாது. கடல் மீன் உப்புத் தண்ணீரைத் தாங்குவதற்காக உடம்பில் ஒரு பொருளைச் சேர்த்து வைத்திருக்கிறது. மீன் செத்த பிறகு பாக்டீரியா அதை டிரைமெத்திலமைன் என்று வேறொன்றாக மாற்றும், அப்போதுதான் இந்த வாடை கிளம்பும். ஆற்று மீனிலும் ஏரி மீனிலும் அந்தப் பொருள் இல்லை என்றே சொல்லலாம், அதில் வருவது மண் வாடை, அது வேறு. கடல் மீன் வாடையைப் புளிப்பு அடக்கிவிடும். புளி, எலுமிச்சை, மாங்காய் எது பட்டாலும் அந்த டிரைமெத்திலமைன் ஆவியாக மேலே வர முடியாமல் நின்றுவிடுகிறது. நம் மீன் குழம்பில் ஏன் இவ்வளவு புளி என்று கேட்டாயே, ருசிக்கும் அதுதான், வாடைக்கும் அதுதான் மருந்து. இது எனக்குத் தெரிய வந்ததிலிருந்து மீனைக் கழுவும் கடைசித் தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சை பிழிகிறேன், வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

எல்லாவற்றுக்கும் மேல், மீன் புதிதாக இருந்தால் வாடையே குறைவு. காசிமேட்டில் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் தெளிவாக, கொஞ்சம் புடைத்து இருக்க வேண்டும். விரலால் அமுக்கினால் பள்ளம் விழாமல் சதை திரும்பி வர வேண்டும். முதலிலேயே வஞ்சரத்தில் ஆரம்பிக்காதே, அதற்குக் கொடுக்கிற காசில் நெத்திலி, காரப்பொடி, கானாங்கெளுத்தி என்று எத்தனையோ வாங்கலாம், என்னைக் கேட்டால் ருசியும் அதில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று தடை. அப்போது ஃபைபர் போட்டில் போய்க் கரையோரம் பிடித்து வருகிற மீன்தான், விலையும் ஏறிவிடும். அந்த மாதங்களில் நம் வீட்டில் கருவாடும் கத்திரிக்காயும் தான் ஓடும், இப்போதே சொல்லி வைக்கிறேன்.

நெத்திலி ஆய்வது நீ பயப்படுகிற அளவுக்குப் பெரிய வேலை இல்லை, கத்தியே வேண்டாம். தலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து லேசாகக் கிள்ளி வயிற்றுப் பக்கமாக இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். அப்புறம் கல் உப்புப் போட்டு மெதுவாகத் தேய்த்து, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசு. வறுக்கிற மீன் என்றால் தண்ணீரை நன்றாக வடிய விட வேண்டும், ஈரம் இருந்தால் மசாலா ஒட்டாது, எண்ணெயும் தெறிக்கும். குழம்பில் போட்டால் கடைசியில் போடு, போட்ட பிறகு கரண்டியால் கிளறாதே, சட்டியின் இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

சரி, இப்போது உன் பள்ளிபாளையம் சிக்கன். அன்றைக்கு நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, நிறைய காய்ந்த மிளகாய், மஞ்சள், உப்பு, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். மல்லித்தூள் இல்லை, கரம் மசாலா இல்லை, தக்காளியும் இல்லை. வாசலில் நின்ற அத்தை "தூளே போடலியா" என்று கேட்டார், நீ பயந்துவிட்டாய். நான் கவனித்தது வேறு. மிளகாய் ஒவ்வொன்றையும் கிள்ளி, தட்டி, விதையை உதறிவிட்டுத் தோலை மட்டும் எண்ணெயில் போட்டாய். அத்தனை மிளகாய் போட்டும் நாக்கு எரியவில்லை, வாசனையும் நிறமும் மட்டும் இறங்கியிருந்தது. அதன் பிறகு தேடிப் படித்தேன். மிளகாயின் காரம் அதிகமாக இருப்பது விதை ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த வெள்ளைச் சவ்வில்தானாம், விதையை உதறும்போது சவ்வும் நிறையப் போய்விடுகிறது. இத்தனை வருஷம் மிளகாயை விதையோடேயே கிள்ளிப் போட்டுச் சமைத்த எனக்கு, நீ போட்ட ஒரு பொரியல் புது வழியைக் காட்டிவிட்டது. இப்போது என் பூண்டுச் சட்னிக்கும் அப்படித்தான் செய்கிறேன், சின்னவன் தண்ணீர் குடிக்காமல் சாப்பிடுகிறான்.

அத்தை ஒன்றுமே சொல்லவில்லை, அவருக்குப் பிடிக்கவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அத்தையை எனக்குத் தெரியும். பிடிக்கவில்லை என்றால்தான் வாய் திறப்பார். மறுநாள் காலையில் நீ கிளம்பிப் போன பிறகு என்னிடம் வந்து, "அந்தத் தேங்காயை அவ எப்பப் போட்டா, கறி வெந்ததுக்கு அப்புறமா முன்னாடியா?" என்று கேட்டார். அவர் இன்னொருத்தரிடம் சமையலைப் பற்றிக் கேட்கிறார் என்றால் அதற்கு மேல் என்ன பாராட்டு வேண்டும்? எனக்குத் தெரியாது, அவளையே கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். கேட்பார், நீயும் தயங்காமல் சொல்.

இன்னொன்றும் கேள். நீ உன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது நான் அரிசிம்பருப்புச் சாதம் செய்து பார்த்தேன். நீ சொன்ன அதே அளவு, சீரகம் தாளித்து, மேலே நெய் விட்டு. அன்றைக்கு வீட்டில் நெத்திலியும் இருந்தது, மொறுமொறுவென்று வறுத்துப் பக்கத்தில் வைத்தேன். சூடான சாதம், நெய், அதோடு உப்பும் காரமுமாக நெத்திலி. பெரியவள் சாம்பார் சாதத்தையே தொடாதவள், மறுபடி போட்டுச் சாப்பிட்டாள். உன் வீட்டில் இதற்கு அப்பளமும் தயிரும் தொட்டுக்கொள்வீர்கள் என்று சொன்னாய். உன் அம்மாவிடம் நெத்திலியைப் பற்றிச் சொல்லிப் பார், முகத்தைச் சுளிப்பார்களோ என்னவோ, ஆனால் ஒரு தடவை இங்கே வந்து சாப்பிட்டுப் பார்க்கச் சொல். இது ஈரோட்டுச் சாப்பாடும் இல்லை, ராயபுரத்துச் சாப்பாடும் இல்லை, நம் வீட்டுச் சாப்பாடு. நீ வராமல் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது.

அதனால் இனி இப்படி வைத்துக்கொள்வோம். புதன்கிழமை ராத்திரி அடுப்பு உன்னுடையது. கொள்ளுப் பருப்பு, இடியாப்பம் மாதிரிப் பிழிகிற சந்தகை, எது தோன்றுகிறதோ செய். நான் தேங்காய் துருவித் தருகிறேன், வேறு எதிலும் தலையிட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என்னோடு காசிமேட்டுக்கு வா, கூட்டம் சேருவதற்கு முன்னால் போய் வந்துவிடலாம். தரை முழுக்க ஈரம், புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வராதே. சந்தகை பிழிகிற அச்சு இங்கே கடையில் சுலபமாகக் கிடைக்காது, உங்கள் அண்ணன் அடுத்த மாதம் வருகிறார் அல்லவா, அவரிடம் ஒன்று கொண்டு வரச் சொல்லிவிடு. அப்படியே கொஞ்சம் செக்கு நல்லெண்ணெயும்.

அன்புடன்,
உன் அக்கா