வெளிநாட்டு லேப்டாப்பும் அதன் கீபோர்டும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மார்த்தாண்டத்தில் நம் கடைக்கு வரும் லேப்டாப்புகளில் வெளிநாட்டில் வாங்கியவை நிறைய. துபாயிலிருந்தோ மஸ்கட்டிலிருந்தோ மகன் கொண்டுவந்தது, இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் கொடுத்துவிட்டது, கம்பெனிகள் கழித்ததை நாங்கள் வாங்கிச் சரிபார்த்து விற்பது என்று பல வகை. இவற்றில் ஒரு புகார் மட்டும் ஓயாமல் வருகிறது: "கீபோர்டு கம்ப்ளெய்ன்ட், அடிக்கிறது ஒண்ணு, விழுறது ஒண்ணு." பெரும்பாலும் அந்தக் கீபோர்டில் ஒரு பழுதும் இருப்பதில்லை. காசு கொடுத்து மாற்றச் சொல்லும் முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

நீங்கள் ஒரு கட்டையை அழுத்தும்போது அதன்மேல் அச்சடித்திருக்கும் எழுத்து கம்ப்யூட்டருக்குப் போவதில்லை. எந்த இடத்துக் கட்டை அழுந்தியது என்பது மட்டுமே போகிறது. அந்த இடத்துக்கு எந்த எழுத்து என்று முடிவு செய்வது விண்டோஸ். கட்டையில் இங்கிலாந்து அச்சும் விண்டோஸில் அமெரிக்க அமைப்பும் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. இங்கிலாந்து கீபோர்டில் 2-ஆம் எண்ணுக்கு மேல் இரட்டை மேற்கோள்குறி இருக்கும்; @ குறி எண்டருக்குப் பக்கத்தில், ஒற்றை மேற்கோள்குறியோடு இருக்கும். நம் ஊரில் பழகியது இதற்கு நேர்மாறு. இமெயில் முகவரி அடிக்கும்போது முதலில் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஜெர்மன் கீபோர்டில் ஒய், இசட் இரண்டும் இடம் மாறியிருக்கும். பிரெஞ்சு கீபோர்டில் ஏ இருக்கும் இடத்தில் கியூ, எண்களுக்கே ஷிஃப்ட் பிடிக்க வேண்டும்.

அப்படியானால் எதை எதற்கு மாற்றுவது? எங்கள் கருத்து இது. கட்டையைப் பார்த்துப் பார்த்து அடிப்பவர் என்றால், அச்சுக்கு ஏற்றபடி விண்டோஸை மாற்றிக்கொள்ளுங்கள். டைப்ரைட்டிங் படித்து, பார்க்காமல் அடிப்பவர் என்றால் அச்சை மறந்துவிட்டு 'ஆங்கிலம் (இந்தியா)' அமைப்பை வைத்துக்கொள்ளுங்கள். விரல் பழகியபடியே எழுத்து விழும். இந்த அமைப்பில் இன்னொரு வசதி, வலப்பக்க ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு 4 அடித்தால் ₹ வரும். செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதிக்குப் போய் மொழிக்குள் கீபோர்டைச் சேர்க்கலாம். சேர்த்த பிறகு தேவையில்லாததை நீக்கிவிடுவது மிக முக்கியம். வளைகுடாவிலிருந்து வரும் மெஷின்களில் அரபி கூடவே இருக்கும். ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் தெரியாமல் சேர்ந்து அழுந்தினால் திடீரென்று அரபி எழுத்து விழும். அதை வைரஸ் என்று பயந்து கொண்டுவருகிறார்கள். பட்டியலிலிருந்து அரபியை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

விண்டோஸில் மாற்ற முடியாதது கட்டைகளின் வடிவம். இங்கிலாந்து, ஐரோப்பிய கீபோர்டுகளில் எண்டர் உயரமாக, ஒடுங்கி இருக்கும். இடது ஷிஃப்ட் குட்டையாகி, அதற்கும் இசட்டுக்கும் நடுவில் ஒரு கட்டை கூடுதலாக இருக்கும். இந்திய அமைப்பில் அந்தக் கட்டை பின்சாய்கோட்டைப் போடும். சுண்டுவிரல் ஷிஃப்ட்டைத் தேடிப் போய் அதில் பட, பெரிய எழுத்துக்குப் பதில் ஒரு சாய்கோடும் சின்ன எழுத்தும் விழும். வேகமாக அடிப்பவர்களுக்கு இது பெரிய தொந்தரவு. மைக்ரோசாஃப்டின் இலவச பவர்டாய்ஸ் மென்பொருளில் அந்தக் கட்டையையும் ஷிஃப்டாகவே மாற்றிவிடலாம், நன்றாக வேலை செய்கிறது. பாஸ்வேர்டு கேட்கும் திரையில் மட்டும் அது செயல்படாது.

பாஸ்வேர்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவசரமாக ஓடிவருபவர்கள் இதற்காகத்தான் வருகிறார்கள். பாஸ்வேர்டில் @ வைத்திருப்பீர்கள். அமைப்பு மாறியதும் அதே கட்டை வேறு குறியைப் போடும். திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரியும் என்பதால் உங்களுக்குத் தெரியாது. பெட்டிக்குள் இருக்கும் கண் படத்தை அழுத்திப் பாருங்கள், என்ன விழுந்திருக்கிறது என்று காட்டும். கீழே வலப்பக்க மூலையில் மொழிக்குறி இருக்கும், அங்கேயே அமைப்பை மாற்றலாம். அமைப்பை மாற்றப் போகும் நாளில் பாஸ்வேர்டில் எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்திருப்பது நல்லது. ஜெர்மன் கீபோர்டுக்காரர்கள் ஒய், இசட்டையும் தவிர்த்துவிடுங்கள். பிரெஞ்சு கீபோர்டுக்காரர்கள் அன்றைக்கு பாஸ்வேர்டுக்குப் பதில் எண்களாலான பின் (PIN) வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

தமிழ் அடிப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். தமிழ் 99 அமைப்பு 2019 மே மாத விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து உள்ளேயே இருக்கிறது. அதுவும் இடத்தைத்தான் பார்க்கும். ஜெர்மன் கீபோர்டில் வலது ஷிஃப்டை ஒட்டிய கட்டையில் சிறுகோடு அச்சாகியிருந்தாலும் ழ அங்கேதான் வரும். கோவில் கமிட்டி நோட்டீஸ், சபைச் செய்தி, பத்திரம் என்று நாள் முழுக்கத் தமிழ் அடிக்கும் வாடிக்கையாளர்கள் இதனால்தான் எங்களிடம் குறை சொன்னதில்லை.

கீபோர்டையே மாற்றிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: ஐரோப்பிய வகை பாடியில் எண்டருக்கும் ஷிஃப்டுக்கும் வெட்டிய துளை வேறு. நம் ஊர் கீபோர்டு அதில் உட்காராது, மேல் பேனலோடு சேர்த்து மாற்ற வேண்டிவரும். பழைய லேப்டாப்புக்கு அந்தச் செலவு வேண்டாம் என்றே சொல்வோம். ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரையில் இருப்பவர்களுக்கு வியர்வையும் ஈரக்காற்றும் சேர்ந்து ஓரம் சீக்கிரம் கிளம்பிவிடுகிறது. அடிக்கடி தேவைப்படும் நாலைந்து கட்டைகளுக்கு மட்டும் ஒட்டினால் போதும்.

வளைகுடாவில் வலப்பக்கம் வண்டி ஓட்டியவர்கள் ஊருக்கு வந்த புதிதில் தடுமாறிவிட்டுப் பிறகு பழகிக்கொள்வதில்லையா, விரலும் அப்படித்தான். எஃப், ஜே கட்டைகளில் சின்ன மேடு இருக்கும். ஆட்காட்டி விரல்களை அங்கே வைத்துத் தொடங்குங்கள். எண்பலகை உள்ள பெரிய லேப்டாப்பில் எழுத்துக் கட்டைகள் இடப்பக்கம் தள்ளியிருக்கும், திரையின் நடுவுக்கு நேராக உட்கார்ந்தால் கை கோணும். வீட்டில் இரண்டு லேப்டாப் இருந்தால், பழகும்வரை ஒன்றையே பயன்படுத்துங்கள்.

எங்களிடம் வாங்கிய எந்த மெஷினுக்கும் கீபோர்டு அமைப்பை இலவசமாகவே மாற்றித் தருகிறோம். கொண்டுவரும்போது வழக்கமாக அடிப்பவரே நேரில் வந்தால் நல்லது. அவர் அடிப்பதைப் பார்த்துத்தான் எந்த அமைப்பு சரி என்று முடிவு செய்வோம். பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டாம், இங்கே வந்து நீங்களே அடியுங்கள்.

அன்புடன்,
சர்வீஸ் பிரிவு, மார்த்தாண்டம்