எழுதத் தெரியாதவரும் தகவல் கேட்கலாம்

ஐயா,

தாராவியில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் சந்தில் சாக்கடை வேலை பாதியில் நிற்கிறது. ஒதுக்கிய பணம் எவ்வளவு என்று கேட்க, பக்கத்து வீட்டுப் பாட்டியோடு ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிய வெற்றுத்தாள் பாட்டியின் முந்தானை முடிச்சில் மடங்கிக் கிடந்தது. அவருக்கு எந்த மொழியும் எழுதத் தெரியாது. பேச்சு இந்தி நன்றாக வரும். "எழுதிக் கொண்டுவா, எதற்கு என்று காரணமும் போடு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இது தவறு. 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவைப் படித்துப் பார்த்தேன். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர தகவல் அலுவலர்தான் உதவ வேண்டும். காரணம் கேட்கவே கூடாது. மனு கொடுத்தால் 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். இதையெல்லாம் அலுவலக வாசலில் தமிழிலும் எழுதி வைத்தால் என்ன? எங்கள் பகுதியில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள்!

திங்கட்கிழமை கடையை மூடிவிட்டுப் பாட்டியோடு மறுபடி போகிறேன். அந்தப் பிரிவின் நகலும் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை